வீட்டைக் காப்பாற்றும் என்று கேட்டேன், மதினியை அனுப்பினார்

போன வருஷம் ஆடி மாதம் எங்கள் வீட்டு வாசல் கதவில் பேங்க்காரர்கள் ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார்கள். வாங்கிய கடனைக் கட்டாததால் இந்த வீட்டை வங்கி தன் வசம் எடுத்துக்கொள்கிறது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே என் வீட்டுக்காரர் பெயர், என் பெயர், தெருப் பெயர் எல்லாம் இருந்தது. ஒட்டியவர்களில் ஒருவர், "கிழிச்சிராதீங்கம்மா, அது வேற கேஸாயிரும்" என்று மெதுவாகச் சொன்னார். நல்ல மனுஷன்தான். என் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நான் கிழிக்கவில்லை. ஆனால் நாலு பேர் போய்வருகிற தெரு அல்லவா? ஒரு பச்சைச் சேலையை நனைத்துக் கொண்டுவந்து கதவின் மேலேயே காயப் போட்டேன். மறுநாளும் போட்டேன். அடுத்த வாரமும் அதே சேலை. எதிர்வீட்டு லட்சுமியக்கா, "ஏம்மா எஸ்தரு, அந்தச் சேலை இன்னுமா காயல?" என்று கேட்டார். "கெட்டிச் சேலைக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

பிரியமான சகோதர சகோதரிகளே, நான் எஸ்தர். ராஜபாளையத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் தங்கராஜ், ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிறவர். சொந்தமாக நாலு தறி வைத்திருந்தோம். ஒரே மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள். எனக்கு எழுத்தும் வராது, மைக்கைப் பிடித்துப் பேசவும் வராது. சண்டை போட வரும். அதனால் வளைத்து வளைத்துச் சொல்லாமல், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் ஒருவருக்காவது உதவுமென்றால் போதும்.

எங்கள் வீடு பெரிய வீடு இல்லை. இரண்டு அறை, ஒரு ஹால், பின்னால் ஒரு சப்பட்டை ரக மாமரம். ஆனால் அதைக் கட்டும்போது சுவருக்குத் தண்ணீர் ஊற்றி நனைத்தது நாங்கள் இரண்டு பேரும்தான். கொத்தனார் போன பிறகு இவர் ஹோஸ் பைப்பைப் பிடிப்பார், நான் விளக்குமாற்றால் சுவரில் தண்ணீரைத் தள்ளுவேன். கல்யாணமான புதிதில் நாங்கள் அதிகமாகச் சிரித்தது அந்தச் சாயங்காலங்களில்தான். அந்த வீட்டை வைத்துத்தான் தறிகளுக்காக பேங்க்கில் கடன் வாங்கினோம். சில வருஷம் ஒழுங்காகக் கட்டினோம். பிறகு நூல் விலை ஏறியது. துணி எடுத்த வியாபாரி பணத்தை இழுத்தடித்தார். அந்த நேரம் பார்த்து இவருக்கு முதுகுத் தண்டில் ஆபரேஷன். தறி ஓடாத வீட்டில் சத்தமே இருக்காது. அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது.

பேங்க்கிலிருந்து போன் வரும். எடுக்க மாட்டோம். அதுதான் நாங்கள் செய்த முதல் முட்டாள்தனம். என்ன சொல்வது என்று தெரியாததால் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவோம். அது அங்கே கிடந்து உறுமிக்கொண்டே இருக்கும்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு வீட்டிலும் ஜெபக்கூட்டம் நடக்கும். அந்த வாரம் போதகரம்மா விண்ணப்பங்களைக் கேட்டபோது, "பெயர் சொல்ல விரும்பாத ஒரு குடும்பத்தின் வீட்டுக் காரியம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். உங்களுக்கும் தெரியும், நம்மிடையே இந்தப் பழக்கம் உண்டு. நோயென்றால் வாய்விட்டுச் சொல்லுவோம். பிள்ளைக்கு வரன் என்றால் சொல்லுவோம். கடன் என்றால் மட்டும் யாரோ மூன்றாம் மனுஷர் வீட்டுக் காரியம் மாதிரிச் சொல்லுவோம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்று, "ஆண்டவரே, எங்களுக்கு வழி தெரியவில்லை. வழி தெரிந்த ஒருத்தரை அனுப்பும்" என்று கேட்டேன். வேறு வார்த்தை வரவில்லை.

அடுத்த வாரமே ஒருத்தர் வந்தார். ஆல்பர்ட் பிரதர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர். இரண்டு மாதமாக எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, தோள்பை, குனிந்த தலை. ஜெபிக்கும்போது அவர் அழுதால் நமக்கும் அழுகை வரும், அப்படி ஒரு குரல். கூட்டம் முடிந்ததும் என் பக்கத்தில் வந்து, "சிஸ்டர், அந்தப் பெயர் சொல்லாத குடும்பம் நீங்கதானே? ஆண்டவர் எனக்கு உணர்த்தினார்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எங்கள் கதவில் ஒட்டியிருந்ததைத் தெருவில் நின்றாலே பார்க்கலாம், சேலையைக் காற்று தூக்கினால் போதும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்தார். காப்பி குடிக்க மாட்டேன், உபவாசம் என்றார். எங்கள் காகிதங்களையெல்லாம் பார்த்தார். அவருக்குத் தெரிந்த ஒரு பெரிய மனுஷர் இருக்கிறாராம். கஷ்டப்படுகிற விசுவாசிகளின் கடனை அவர் பேங்க்கில் மொத்தமாகக் கட்டி முடிப்பாராம். அதற்குப் பாதுகாப்பாக நாங்கள் வீட்டுக்கு ஒரு பவர் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டை விட்டுப் போக வேண்டாம், மாதாமாதம் வாடகை மாதிரி ஒரு தொகை கொடுத்துக்கொண்டு அதே வீட்டில் இருக்கலாம். இரண்டு வருஷம் கழித்து வீடு மறுபடி எங்கள் பெயருக்கே வந்துவிடும். கேட்கக் கேட்க நெஞ்சிலிருந்து கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

இரண்டு காரியங்களை அழுத்திச் சொன்னார். ஒன்று, பேங்க் பக்கம் போகக் கூடாது. போனால் உடனே பூட்டுப் போட்டுவிடுவார்கள். இன்னொன்று, யாரிடமும் சொல்லக் கூடாது. "ஜெபத்துல இருக்கிற காரியத்தை வெளிய சொன்னா சத்துரு கெடுத்துப்புடுவான் சிஸ்டர். முடிஞ்ச பிறகு சபையில சாட்சியா சொல்லுங்க" என்றார். இது நம் வாயிலேயே புழங்குகிற பேச்சுதானே! மகளுக்கு சீட் கிடைக்கும்வரை நானே யாரிடமும் மூச்சு விடவில்லை. அவர் நம் பழக்கத்தை எடுத்தே நம் வாயைக் கட்டினார். எனக்கு அது புரியவில்லை. ஆண்டவர் அனுப்பிய ஆள் இவர்தான் என்று நம்பினேன். மகளிடமும் சொல்லவில்லை.

செலவுக்கு என்று என் கம்மலை வைத்துக் கொஞ்சம் பணம் கொடுத்தோம். எழுதாத முத்திரைத்தாளில் என் வீட்டுக்காரர் இரண்டு இடத்தில் கையெழுத்தும் போட்டார். பத்திரத்தில் என்ன எழுதப்போகிறார்கள் என்று ஆல்பர்ட் பிரதர் செல்போனில் அனுப்பி, "பேர், அப்பா பேர் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க" என்றார். நாங்களும் சமத்துப் பிள்ளைகளாகப் பெயரை மட்டும் பார்த்தோம். திங்கட்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்து என்று முடிவானது.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டு முறை. ஹாலில் பாய் விரித்து, இருபது முப்பது பேர் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தோம். ஆல்பர்ட் பிரதர் முன்வரிசையில் கண்ணை மூடியிருந்தார். அப்போது வாசலில் ஒரு மூட்டை தொப்பென்று விழுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் என் மதினி.

என் வீட்டுக்காரரின் அக்கா அவர். பெயர் ஞானசெல்வம். மகாராஜபுரத்தில் கொஞ்சம் தென்னந்தோப்பு இருக்கிறது. புருஷன் இறந்த பிறகு தனியாளாக அதைக் கட்டிக் காக்கிறவர். அவருக்கும் எனக்கும் ஒத்துப்போனால்தான் அதிசயம். என் குழம்பில் புளி தூக்கல் என்பார். அவர் பேச்சில் அதைவிடத் தூக்கல் என்பேன். கதவில் தொங்கிய பச்சைச் சேலையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நோட்டீஸைப் பார்த்தாரா இல்லையா தெரியவில்லை. நேராகக் கடைசியில் போய் உட்கார்ந்தார். எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். சீர்.

எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த அக்கா தங்கச்சிக்குப் பிறந்த வீட்டிலிருந்து வருஷாவருஷம் சீர் போக வேண்டும். நாங்கள் கிறிஸ்துமஸுக்குச் சேலை, பலகாரம், பழம் எல்லாம் கொண்டுபோய்க் கொடுப்போம். இரண்டு கிறிஸ்துமஸாகக் கொடுக்கவில்லை. முதல் தடவை இவருக்கு ஆபரேஷன் என்று சாக்கு இருந்தது. இரண்டாவது தடவை சாக்கும் இல்லை, போகவும் இல்லை. தம்பி வீட்டில் நியாயம் கேட்கத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆண்டவரே, இத்தனை பேருக்கு முன்னாலா என்று வேண்டிக்கொண்டேன்.

போதகரம்மா விண்ணப்பங்களைக் கேட்டார். ஒருத்தர் சர்க்கரை வியாதி என்றார். ஒருத்தர் மகனுக்கு போலீஸ் வேலை என்றார். என் முறை வந்தது. வழக்கம்போல, "பெயர் சொல்ல விரும்பாத ஒரு குடும்பத்தின் வீட்டுக் காரியம்" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல். "பேரு சொல்லாம எப்படிட்டி ஜெபம் பண்ணுறது? ஆண்டவருக்குத் தெரியும், சரி. எங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் மதினியை முறைத்தேன். ஆல்பர்ட் பிரதர் கண்ணைத் திறந்து, "சில காரியங்கள் ரகசியமா இருக்கிறதுதான் நல்லதும்மா" என்றார், அந்த அழுகைக் குரலில்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். நீங்கள் அவரைப் பார்த்திருக்க வேண்டும். கூட்டத்தில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. ஆமென்கூட அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொல்வார். காய்ச்சலென்றால்கூட நான்தான் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த மனுஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகு இன்னும் முழுசாக நிமிராது. அக்காவைப் பார்த்தார்.

"அக்கா, அந்தக் குடும்பம் நாங்கதான்" என்றார். "கடன் கட்ட முடியல. பேங்க்ல நோட்டீஸ் ஒட்டிட்டாவ. திங்கக்கிழமை வீட்டை எழுதிக் குடுக்கப் போறோம். எனக்கு மனசே சரியில்லக்கா. அதான் உனக்குச் சேலையும் கொண்டுவரல."

அவ்வளவுதான் சொன்னார். குழந்தை மாதிரி அழுதார். நான் எழுந்து போய் அவர் கையைப் பிடித்தேன். எனக்குக் கூச்சம் எங்கே போனது என்றே தெரியவில்லை. இவ்வளவு நாளும் இந்த மனுஷன் இதை உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிட்டார், எப்படித் தூங்கினார் என்றுதான் நினைத்தேன்.

மதினி எழுந்து வந்தார். "சேலைக்கா வந்தேன்னு நெனச்ச? போடா இவனே! எங்கிட்டச் சேலை இல்லையா? ரெண்டு வருஷமா எந்தம்பி எட்டிப் பாக்கலியே, அவன் அப்படிப்பட்டவன் இல்லையே, என்னமோ இருக்குன்னுதான் பஸ் ஏறுனேன்" என்றார். பிறகு திரும்பி, "யாருக்குலே எழுதிக் குடுக்கப் போற?" என்று கேட்டார்.

இவர் ஆல்பர்ட் பிரதரைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அவர், "பிரதர், நீங்க அவசரப்பட்டுச் சொல்லி ஆசீர்வாதத்தைக் கெடுத்துட்டீங்க" என்று எழுந்தார்.

மதினி விடவில்லை. "அம்புட்டு நல்ல காரியம்னா செத்த நேரம் உக்காந்து எங்க எல்லார் முன்னாலயும் சொல்லிட்டுப் போங்க தம்பி. நாங்களும் கேட்டுச் சந்தோசப்படுவோம்ல?"

போதகரம்மா பூ மாதிரி பேசுகிறவர். அவரும், "ஆமா பிரதர். அந்தப் பெரிய மனுஷர் பேர் என்ன? எங்க இருக்கார்? நாங்க போய் நன்றி சொல்றோமே" என்றார். ஒரு முக்கியமான போன் வருகிறது என்று ஆல்பர்ட் பிரதர் வெளியே போனார். போன் எதுவும் அடிக்கவில்லை. சிறிது நேரத்தில் பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவசரத்தில் என் வீட்டுக்காரருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவருடையது வாசலில் கிடந்தது. அதைப் பார்த்து முதலில் சிரித்தது நான்தான். எவ்வளவு பெரிய குழியின் விளிம்பில் நின்றிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

அன்றைக்கு அந்த ஹாலில் ஏறெடுத்த ஜெபம் மாதிரி நான் என் ஆயுசில் கேட்டதில்லை. பெயர் சொல்லி ஜெபித்தார்கள். தங்கராஜ், எஸ்தர், இந்த வீடு, இந்தக் கதவு என்று சொல்லி ஜெபித்தார்கள். முடித்ததும் ஒரு சகோதரி, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் காசு வாங்காமல் சட்ட உதவி செய்கிறார்கள், தன் தங்கச்சி போயிருக்கிறாள் என்றார். இவ்வளவு நாளும் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்தவர்தான் அவர். நான் வாய் திறக்கவில்லை, அவருக்கு எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போகவில்லை. மதினியோடு மூன்று பேரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினோம். அங்கே ஒரு பெண் வக்கீல் இருந்தார். செல்போனில் வந்திருந்த பத்திரத்தைக் கேட்டு வாங்கிக் கடைசி வரி வரைக்கும் படித்தார். "அம்மா, வீட்டை உங்களுக்குத் திருப்பித் தருவோம்னு இதுல ஒரு வரிகூட இல்ல. முழு விலையும் வாங்கிக்கிட்டோம், இனி வீட்டை யாருக்கு வேணும்னாலும் விக்கலாம்னு நீங்களே எழுதிக் குடுக்கிற மாதிரி இருக்கு" என்றார். என் வீட்டுக்காரர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நான் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். அதேதான் இருந்தது.

எழுதாத முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டதைச் சொன்னபோது அந்தம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. திட்டினார். எனக்கு அந்தத் திட்டு தேனாக இருந்தது. நம்மேல் அக்கறை இருக்கிறவர்கள்தானே திட்டுவார்கள்? உடனே போலீசுக்குப் புகார் எழுதிக் கொடுத்தார். பிறகு, "முதல்ல பேங்க்குக்குப் போங்க. நேரா போய் உக்காந்து நிலைமையைச் சொல்லுங்க. பேசுனதை எழுத்துல குடுங்க. ஏலத்துக்கு முன்னால நிறைய வழி இருக்கு" என்றார். மதினி கொண்டுவந்திருந்த பையிலிருந்து இரண்டு தேங்காயை எடுத்து மேஜையில் வைத்தார். "இதெல்லாம் வாங்கக் கூடாதும்மா" என்றார் வக்கீல். "காசா குடுத்தேன்? சட்னிக்குத்தான" என்றார் மதினி. கடைசிவரை அந்தம்மா வாங்கவில்லை. மதினி பஸ்ஸில் வரும்போதெல்லாம், "நல்ல பொம்பளைட்டி, ஆனா பிடிவாதக்காரி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் பேங்க். எந்த இடத்துக்குப் போகக் கூடாது என்று பயந்து ஒளிந்தோமோ அதே இடம். மேனேஜர் புதியவர், எங்கள் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். "எத்தனை தடவை போன் பண்ணினோம்! எடுத்துப் பேசியிருந்தா நோட்டீஸ் வரைக்கும் போயிருக்காதேம்மா" என்றார். பூட்டு எதுவும் போடவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பாக்கியில் ஒரு பகுதியை முதலில் கட்டினால், மீதியை நீட்டித்துத் தரச் சொல்லி மேலே எழுதுகிறேன், முடிவு என் கையில் இல்லை என்றார்.

அந்த ஒரு பகுதிக்கு எங்கே போவது? நாலு தறியில் இரண்டை விற்றோம். இவர் அந்தத் தறிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றிவிட்டார். அப்படியும் போதவில்லை. இனி யாரிடம் கேட்பது என்று இரண்டு பேரும் முகத்தை முகம் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து பார்த்தால் மதினி ஹாலில் நிற்கிறார். கையில் ஒரு தாம்பாளம். தாம்பாளத்தில் வாழைப்பழம், தேங்காய், இவருக்கு ஒரு வேட்டி, எனக்கு ஒரு சேலை. சேலைக்கு அடியில் தோப்பில் அந்தத் தடவை தேங்காய் விற்ற பணம்.

"அக்கா, இது வேண்டாம். நான் எப்ப திருப்பித் தருவேன்னு எனக்கே தெரியாது" என்றார் இவர்.

"யாருலே திருப்பிக் கேட்டா? இது சீரு. எம்புட்டு வருஷமா நீ எனக்குச் செஞ்ச! இந்த வருஷம் நான் உனக்குச் செய்யுறேன். அக்கா தம்பிக்குச் செய்யக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? வேணும்னா அந்த வக்கீலம்மாட்ட கேட்டுட்டு வாரேன்."

பிறந்த வீட்டிலிருந்துதான் பெண்ணுக்குச் சீர் போகும். பெண் கொண்டுவந்து தம்பிக்குச் சீர் வைத்ததை எங்கள் சொந்தத்தில் யாரும் பார்த்ததில்லை. நான் மதினி காலில் விழப் போனேன். "கால்ல விழாதட்டி, போய் உலை வை. புளியைக் கொஞ்சமாப் போடு" என்றார். நான் அழுதுகொண்டே சமைத்தேன். புளியைக் கொஞ்சமாகத்தான் போட்டேன். அதற்கும் உப்பு குறைவு என்றார்.

மேலிடத்திலிருந்து பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் நம்பிக்கை ஏறும், இறங்கும். பொய் சொல்லக் கூடாது, ஒருநாள் ஆண்டவரிடமே சண்டை போட்டேன். இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டு என்ன வேடிக்கை பார்க்கிறீர் என்று கேட்டேன். சபையார் வாரம் தவறாமல் எங்கள் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் மேனேஜரே போன் செய்தார். இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தேன். ஒத்துக்கொண்டுவிட்டார்கள், ஏலம் இல்லை, இனி மாதத் தவணை உங்களால் கட்ட முடிகிற அளவுக்கு வரும் என்றார். நான் "ஸ்தோத்திரம்" என்று கத்திய கத்தில் இவர் தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். மழையில் நனைந்துகொண்டே பின்வாசலில் நின்று இரண்டு பேரும் ஜெபம் பண்ணினோம். முதல் தடவையாக இவர் சத்தமாக ஜெபம் பண்ணி நான் கேட்டேன். நாலே வார்த்தைதான். எனக்கு அது போதும்.

ஆல்பர்ட் கிடைத்தாரா என்று கேட்பீர்கள். போன் நம்பர் இப்போது வேலை செய்யவில்லை, ஆளும் இல்லை. கம்மலும் போனது போனதுதான். அந்த முத்திரைத்தாள் இன்னும் அவரிடம் இருக்கிறது. அதை வைத்து எதுவும் செய்துவிடாதபடி வக்கீலம்மா பத்திரப்பதிவு ஆபீசிலும் எழுதிக் கொடுத்திருக்கிறார். கடன் இன்னும் இருக்கிறது. மாதாமாதம் கட்டுகிறோம். ஒரு மாதம் முடியாது என்று தெரிந்தால் முன்னாலேயே பேங்க்குக்குப் போய்ச் சொல்லிவிடுவோம். பயம் போய்விட்டது. இவர் இப்போது வீட்டில் நிறையப் பேசுகிறார். சில நேரம் கொஞ்சம் சும்மா இருங்களேன் என்று நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

வழி தெரிந்த ஒருத்தரை அனுப்பும் என்று கேட்டேன். யாரிடமும் சொல்லாதே என்று சொன்னவரை ஆண்டவர் அனுப்பினார் என்று நினைத்தேன். ஆனால் ஆண்டவர் அனுப்பியது, சொல்லுட்டி என்று அதட்டிய என் மதினியை. அன்பானவர்களே, நம் ஆண்டவர் இருட்டில் வைத்து உதவி செய்கிறவர் இல்லை. யாராவது உங்களிடம், ஜெபக் காரியம், வெளியே மூச்சு விடாதே, பேங்க் பக்கம் போகாதே, கையெழுத்து மட்டும் போடு என்று சொன்னால், அவர் எவ்வளவு உருக்கமாக ஜெபித்தாலும் சரி, முதலில் வீட்டில் சொல்லுங்கள். சபையில் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். வெட்கப்பட்டால் வீடு போகும். நான் சொல்வதைக் கேளுங்கள்.

அறுப்பின் பண்டிகை அன்று இதையெல்லாம் சபையில் சொன்னேன். ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்தபோது மம்சாபுரத்திலிருந்து வந்த ஒரு சகோதரி குழாயடியில் எனக்காகக் காத்திருந்தாள். என்னைவிடச் சின்னவள். கூலி வேலைக்குப் போகிறவள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. தன் வீட்டுக்கும் இப்படி ஒருத்தர் வருவதாகச் சொன்னாள். வேறு பெயர், அதே வெள்ளைச் சட்டை. வியாழக்கிழமை பத்திரமாம். "வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காருக்கா" என்றாள். அவள் கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு அவளுக்குக் கடன் கொடுத்த பேங்க்குக்குப் போனேன். என் வீட்டுக்காரரும் தறியை நிறுத்திவிட்டு வந்தார். படிக்கட்டுக்குக் கீழே வந்ததும் அவள் நின்றுவிட்டாள்.

"எனக்குப் பயமா இருக்குக்கா."

"எனக்கும் இருந்துச்சு" என்றேன். "வா."